மண் ஏறக்கூடாது

பென்னாகரம் ரோட்டு மொட்டைமாடிக்கு
வீட்டுக்காரர் முனிரத்தினம் போட்ட ஒரே கண்டிஷன்:
மண் ஏறக்கூடாது.
ஏறவில்லை.

பெயின்ட் பக்கெட், மூடியில் ஆறு ஓட்டை,
தேங்காய்நார், மீன்தொட்டி மோட்டார்.
போர் தண்ணீரில் மீட்டரை விட்டால்
ஆயிரத்து நானூறு.
"பல்லையே காவியாக்குற தண்ணி,
இதுக்கு உரம் வேறயா" என்றாள் பவளக்கொடி.
ஒகேனக்கல் குழாய் வரும்வரை
பஞ்சில் நான்கு நாள் காத்திருந்தது கீரை.

முதல் ஈடு பாசி பிடித்துச் செத்தது.
வெள்ளை பக்கெட்டுக்குள் வெயில் புகுமாம்;
அவளுடைய கறுப்பு நைட்டியைச் சுற்றினோம்.

நேற்று ராத்திரி கரண்ட் போய்
மோட்டார் சத்தம் நின்றதில் விழித்தேன்.
மாடியில் எனக்கு முன்பே முனிரத்தினம்,
டார்ச்சோடு, மூடியைத் தூக்கிப் பிடித்தபடி.
வேர்கள் வெள்ளையாய்ச் சொட்டின.

"எதப் புடிச்சிக்கிட்டு நிக்குது இது?"

கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.
பதினோரு மாத அக்ரிமென்ட்
தையோடு முடிகிறது.