இருநூற்றுப் பதினான்கு

கப்பலின் அடிவயிற்றில் இரட்டைத் தளம்.
இரண்டு தகடுகளுக்கு நடுவே
தேன்கூடு போல் இரும்பு அறைகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள்வட்ட ஓட்டை.
வித்தோல்டின் தோள் அதில் நுழையாது.
மேஸ்திரி ஸெனோனின் தொப்பை
அதை நினைத்தும் பார்க்காது.

"பொத்தானைக் கூப்பிடுங்கள்."

பொத்தான் என்றால் யாத்விகா.
கிடீனியா கப்பல் கட்டும் தளத்தில்
ஐந்தடிக்கு நாலு விரல் குறைந்த
ஒரே வெல்டர்.
கிடங்கில் இருப்பதிலேயே சின்னக் கையுறை
அவள் விரல்நுனி தாண்டியும்
ஒரு கணு நீளம் சும்மா தொங்கும்.
பழைய செய்தித்தாளைச் சுருட்டி
அதில் அடைத்துக்கொள்வாள்.

முதலில் ஒரு கை, பிறகு தலை,
உடம்பைத் திருகி மறு தோள்.
பின்னாலேயே காற்றுக்குழாய்,
வளைக்குள் போகும் பாம்பின் வால்.
உள்ளே பால்டிக் கடலின் பிப்ரவரி
இரும்பு வழியே முழங்கைக்கு ஏறும்.
கண் எட்டாத மூலைக்கு
ஒரு துண்டுக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து
வலது இடமாக, இடது வலமாக,
பிம்பத்தைப் பார்த்துப் பற்றவைப்பாள்.

வெளியே வந்தால் முதுகில் தட்டுவார்கள்:
"நல்லவேளை, நீ இத்தனூண்டு இருக்கிறாய்!"
பாராட்டுதான்.
பன்னிரண்டு வருடமாக
அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான்
டிராலி பஸ் ஏறுகிறாள்.
பையில் எங்கோ ஓட்டை.
வீடு சேர்வதற்குள் காணாமல் போகும்.

கடுகுக்கும் காரம் உண்டு என்று சொல்ல
என் மொழியில் பழமொழி இருக்கிறது.
அவளிடம் சொல்ல மாட்டேன்.
அதுவும்
அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறது.

மார்ச்சில் காட்ஸ்பெர் வந்து சேர்ந்தான்.
பத்தொன்பது வயது, ஈர்க்குச்சி உடம்பு,
அவளைவிட ஒரு விரல் குட்டை.
மீன் மாதிரி நழுவி உள்ளே போனான்.
அன்று யாரும்
பொத்தானைக் கூப்பிடவில்லை.

மேல்தளத்தில், வெட்டவெளியில்,
எவர் வேண்டுமானாலும் முடிக்கக்கூடிய
கைப்பிடிக் கம்பி அவளுக்குக் கிடைத்தது.
சின்னதாக இருப்பதிலும்
ஒருவன் என்னை ஜெயித்துவிட்டானே என்று
சிரிப்பு வந்தது.
கொஞ்ச நேரம் கழித்து வரவில்லை.

வியாழக்கிழமை எக்ஸ்ரே படங்கள் வந்தன.
பதினேழாம் அறை மூட்டில்
ரவையில் ஏறிய எறும்பு போல
கருப்புப் புள்ளிகள்.
காற்றுக் குமிழிகள்.
ஒருநாள் கடல் அவற்றை எண்ணிக்கொண்டு வரும்.

காது சிவக்க நின்ற காட்ஸ்பெரிடம்
"விளக்கைப் பிடி" என்றாள்.
வேறொன்றும் பேசவில்லை.
கெட்டதைச் செதுக்கி எடுக்க மூன்று மணி நேரம்.
புதியதை இட இரண்டு.
கடைசியில், மூட்டின் ஓரம்
சுத்தியலால் தன் எண்ணைக் குத்தினாள்.

படம் படிக்கும் இர்மினா
மாடியறையை விட்டு இறங்கியதே இல்லை.
எண்தான் அவளுக்கு ஆள்.
சனிக்கிழமை போன் செய்தாள்:
"இந்த இருநூற்றுப் பதினான்கு யார்?
ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன்,
இவர் மூட்டில் ஒரு பொட்டு விழுந்ததில்லை.
ஆள் நல்ல உயரமோ?"

ஸெனோன் விழுந்து விழுந்து சிரித்தார்.
யாத்விகா சிரிக்கவில்லை.
அறுபத்திரண்டு படி ஏறிப் போய்
வெளிச்சப் பலகை முன் நின்றாள்.
ஒரு வெள்ளைக் கோடு.
அவ்வளவுதான் இருந்தது.
எந்த ஓட்டை வழியே நுழைந்தாள்,
கையுறைக்குள் எத்தனை காகிதம்,
யாரைவிட யார் குட்டை,
எதுவும் அதில் விழவில்லை.
சாம்பலுக்கு நடுவே
ஓடிக்கொண்டே இருந்தது கோடு.

"உட்காருங்களேன்" என்றாள் இர்மினா,
இன்னும் அந்த உயரமானவருக்காகக்
கதவைப் பார்த்தபடி.
"நான்தான்" என்றாள் யாத்விகா.

கப்பல் தண்ணீரில் இறங்கிய நாள்
அவளுக்கு முன்னால் முழுக்க முதுகுகள்.
பாய்மரம் இல்லாத அந்தக் கொடிக்கம்பத்தின் நுனியும்
ஒரு கடற்காகமும்தான் தெரிந்தன.
"தூக்கட்டுமா?" என்றான் வித்தோல்ட்.
"வேண்டாம்."

பெரிதாய்த் தண்ணீர் அறையும் சத்தம்.
கைதட்டல். வாத்தியம்.
எல்லோர் கண்ணுக்கும் கீழே
பதினேழாம் அறை
உலர்ந்திருந்தது.