மூன்று இலக்கம்

பதினாலாம் அறைத் தலையணைக்கடியில்
யாரோ ஒரு பையன் விட்டுப்போனது.
உள்ளங்கைக்குள் அடங்கும்.
இரண்டு ரப்பர் பொத்தான்,
குண்டூசித் துளைகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல்.

பீல் நகரம். எண்பத்தெட்டு, மாசி.
தொலைந்த பொருள் ஓராண்டு
கல்லா லாச்சிக்குள் கிடக்கவேண்டும் என்பது
முதலாளியம்மா ஏபிஷரின் சட்டம்.
கிடந்தது, பகலில்.
இரவு பதினொன்றுக்குப் பிறகு
அது குசினிக்காரரின் சொத்து.

மூன்று யன்னல். மூன்றிலிருந்தும் பூனை விழும்.
கீழே கூடையோடு ஒருவன்.
பிடித்தால் ஒன்று.
தவறினால் மூலையில் ஒரு பூனை வந்து குந்தி
எங்களை முறைக்கும்.
மூன்று பூனை முறைத்தால் முடிந்தது.

இதைவிடத் திறமானது
போர்த்தோவில் தன் மச்சானிடம் இருக்கிறது,
அதில் முதலை வரும் என்றான் அன்செல்மோ.
அதையும்விடத் திறமானதைத்
தான் ரயிலில் தொலைத்ததாக ஒரு இத்தாலியன் சொன்னான்.
காணாத விளையாட்டெல்லாம்
கண்டதைவிட ஒரு படி மேல்.

கோப்பை கழுவுகிற இடத்து ட்யூப்லைட்டில்
கண்ணாடியைச் சரித்துப் பிடித்தேன்.
எல்லாப் பூனையும் ஒரேயடியாக,
மங்கலாக, விழுந்ததும் இனி விழப்போவதும்.
கூடைக்காரனும் மூன்று பேர்.
அவன் ஓடுவதேயில்லை.
இடத்தில் அழிகிறான், நடுவில் கறுக்கிறான்.
நடுவில் அழிகிறான், வலத்தில் கறுக்கிறான்.
ஓட்டம் நாங்கள் போட்டுக்கொண்டது.

வில்வராசாவுக்குக் காட்டினேன்.
"என்னைப்போலதான்.
கட்டுநாயக்காவில அழிஞ்சன், கிழக்கு பெர்லினில கறுத்தன்,
பிறகு இஞ்ச. இடையில நடந்த ஞாபகமே இல்லை."
சொல்லிக்கொண்டே நானூற்றுப் பன்னிரண்டு எடுத்தான்.

அன்செல்மோவின் உச்சம் எழுநூற்று அறுபது.
பால் பில்லின் பின்பக்கத்தில் எழுதிச்
சுவரில் ஒட்டியிருந்தது.

குளிரில் திரை மந்தமாகும் என்று
கண்டுபிடித்தவன் வில்வராசா.
கன்றிறைச்சிக்கும் வெண்ணெய்ப் பெட்டிக்கும் நடுவே,
பனியறைக்குள்,
என் கோட்டையும் சேர்த்துப் போட்டபடி நின்றான்.
பூனைகள் பாணிபோல இறங்கின.
ஐம்பதுகூடத் தேறவில்லை.
மந்தமானது படம்தான், கணக்கு இல்லை.
டிக் என்னும்போதே பூனை தரையில்.
கண்ணுக்கு அது இன்னும் இரண்டாம் மாடி.

வெளியே வந்துவிடுவான் என்று பார்த்தேன்.
கண்ணை மூடிக்கொண்டான்.
இடது யன்னல் கட்டைக் குரல்,
வலது கீச்சு,
நடுவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ஆறாம் இரவு
கதவுக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
அடுத்த பூனையும் கூடைக்குள்தான் விழுந்தது.
திரையில் பூச்சியம்.
அந்தக் கண்ணாடியில்
மூன்று இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.

படியேறி ஓடி அன்செல்மோவைக் கூட்டிவந்தேன்.
எட்டிப் பார்த்தான்.
"ஏழு," என்றான். "ஏழுதான் எடுத்திருக்கிறான்."
வில்வராசா கண் திறக்கவில்லை.
எட்டு. ஒன்பது.

பங்குனியில் லோசானிலிருந்து கடிதம்.
மதாம் ஜாக்கியேவின் மகன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.
பரிமாறுகிற கொரின் வாசித்துச் சொன்னாள்.
முட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து
அனுப்பிவிட்டாள் ஏபிஷர்,
முத்திரைக் காசு எங்கள் டிப்ஸ் குவளையிலிருந்து.
பால் பில் சுவரில் அப்படியே.

மறுநாள் ரொட்டிக்கடையில்
வில்வராசாவுக்கு ஏச்சு விழுந்தது.
அது அவனது இரண்டாவது வேலை, விடியப்புறத்து வேலை.
மணிக்கூடு செய்தே பிழைக்கிற ஊரில்
அவனிடம் மணிக்கூடு இல்லை.
குசினியை மூடியபின் மேல்மாடிக்கு எடுத்துப்போய்த்
தலைமாட்டில் வைத்துக்கொள்வான்.
குறித்த நேரத்துக்குக் கூடைக்காரன்
கூடையைக் கீழே வைத்துவிட்டு மணி ஆட்டுவான்.
ஏழு மணிக்குள் லாச்சிக்குத் திரும்பிவிடும்.
அனுப்பும்போது
அதை நிறுத்த வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

லோசானில் ஒரு பையன்
நாலு பத்துக்கு எழும்பியிருப்பான்.
வெளியே இருட்டு.
ஏரிப்பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லை.
கையில் மணியோடு ஒருவன்
வேலைக்கு நேரமாகிறது, நேரமாகிறது என்று
அவனைப் போட்டு உலுப்பிக்கொண்டிருப்பான்.