பிள்ளையில்லாமல் இறந்தவர்

பங்கு வழக்குக்கு ஒரு மரண அத்தாட்சி வேணும்.
காரைநகரில் ஆறு பரப்புப் பனங்காணி.
பழைய உறுதியில் ஒரே வரி:
வினாசித்தம்பி கப்பலேறினார், பிள்ளையில்லை.

ஆஸ்பத்திரி வீதியில் கணினிக் கடை.
மின்வெட்டுக்கு முன்
குயின்ஸ்லாந்துச் சிறைப் பதிவேட்டில்
ஆளைத் தேடுகிறேன்.

எங்கள் வாயிலிருந்து புறப்பட்ட பெயர்
அவர்கள் காதுக்குள் நொறுங்கியிருக்கும்.
வினா, விண்ணா, வின்னி
என்று தட்டித் தட்டிப்
பதினொராம் தரம் வந்தான்
வின்சன்ட் தம்பு.

கப்பல் சமையற்காரன், வயது இருபத்தாறு.
போர்வை இரண்டு களவு, மூன்று மாதம்.
மதம் என்ற கட்டத்தில்
எழுதியவன் ஒரு கோடு இழுத்துவிட்டான்.
அடையாளம்: இரு காதிலும் துளை.

கடுக்கன் ஈடு வைத்த சீட்டு
எங்கள் பெட்டகத்தில் இப்போதும் இருக்கிறது.
துளைகள் மட்டும்
கடல் கடந்திருக்கின்றன.

அதோடு எழும்பியிருக்கலாம்.
அடுத்த ஏட்டில், பண்டபெர்க்கில்,
பிரிட்ஜெட் என்றொரு ஐரிஷ் சலவைக்காரியோடு
கலியாணப் பதிவு.
பிள்ளைகள் நாலு.
மூத்தவள் பெயர் வாலி என்று கிடக்கிறது.
அவருடைய தாய் வள்ளிப்பிள்ளை.
எழுதியவனுக்கு 'ள்' வந்திராது.

சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றினார்.
"தங்கச்சி, இதை வேற ஆரும் கண்டவையோ?"
பதில் சொல்லவில்லை.
"நாலு பிள்ளையெண்டால் அதுகளின்ர பிள்ளையள்,
பேரப்பிள்ளையள்...
ஆறு பரப்பையும் கடுகாய் அரியவேண்டி வரும்.
கிழிச்சுப்போட்டு
பிள்ளையில்லை எண்டே எழுதுவம்."

அச்செடுத்த தாள் மூன்று.
கடைக்காரப் பெடியன் தேவையில்லை என்றான்,
நான்தான் நின்று
பற்றுச்சீட்டு எழுதுவித்தேன்,
திகதியோடு.