நூற்று அறுபத்தொன்று

குன்றேறும் இழுவைப் பெட்டி
பதினான்கு மாதமாக ஓடவில்லை.
'பழுது' என்று தொங்கிய அட்டையே பழுதாகி
இப்போது கடைசி எழுத்தைக் காணோம்.

வல்பரைசோ துறைமுகத்திலிருந்து என் வாசல் வரை
நூற்று அறுபத்தொரு படி.
முதலில் எண்ணியவள் நானல்ல, நோல்ஃபா.
எழுபதாவதில் உட்கார்ந்து
நகரசபையின் ஏழு தலைமுறையையும் திட்டி முடித்தாள்.

எனக்கு ஐம்பத்திரண்டு.
ரொட்டி அடுப்பு முன் இருபத்தாறு வருடம் நின்றவள்.
நெருப்பு எந்தப் பக்கம் என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.
போன ஆகஸ்டில்,
அடுப்பு மூட்டாத ஒரு ஞாயிறு,
ஊரே கம்பளிக்குள் ஒடுங்கியிருக்க
கழுத்தடியில் கிளம்பிய சூடு
காதுமடல் வரை வந்து நின்றது.
மாதம் போய்விட்டது.
விடாய் மட்டும் தங்கிவிட்டது.

இரவில் போர்வையை உதைப்பேன்.
எனக்குக் குளிருமென்று
விளாதிமிர் தூக்கத்திலேயே போர்த்திவிடுவான்.
அன்புக்காக ஒருவனைத் திட்டியது
வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

சுகாதார நிலையத்தில் யாஸ்னா
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
என் இடுப்பெலும்பு,
நன்றாகப் பொங்கிய ரொட்டியைப் பிளந்தாற்போல்
துளை துளையாக.
ரொட்டிக்கு அது அழகு.
"நடப்பதுண்டா?" என்றாள்.
என் முகவரியைச் சொன்னேன்.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
எதிர்க்குன்றுக்காரி.
"பாதி மருந்து உங்கள் வாசலிலேயே கிடக்கிறது.
மீதியை எழுதித் தருகிறேன்."

அதனால் படி ஒன்றும் குறைந்துவிடவில்லை.
முப்பத்து மூன்றில் மூச்சு வாங்கும்.
எண்பதில், மஞ்சள் கதவு வீட்டருகே, கன்னம் எரியும்.
ஏறியதால் வந்த சூடா,
தானாக வந்த சூடா,
பிரிக்க முடியாது.
அந்த இடம் எனக்குப் பிடிக்கும்.
ஏன் சிவந்திருக்கிறாய் என்று
அங்கே யாரும் கேட்பதில்லை.
அங்கே எல்லோரும் சிவந்துதான் இருக்கிறார்கள்,
தபால்காரர்கூட.

ஒருநாள் நூற்றுப் பத்தில் உட்கார்ந்து அழுதேன்.
காரணம் தேடினேன், அகப்படவில்லை.
தெருநாய் ஒன்று இரண்டு படி கீழே காத்திருந்தது.
நான் எழுந்ததும் முந்திக்கொண்டு ஓடியது,
ஏதோ அவசர வேலை போல.

ஜூனில் நோல்ஃபா எழுபதில் உட்காரவில்லை.
தொண்ணூற்றெட்டில் உட்கார்ந்தாள்.
அதே வசவு,
நீளம் மட்டும் கொஞ்சம் குறைவு.

நேற்று பெட்டி ஓடத் தொடங்கியது.
நாடா வெட்டினார்கள், எக்காளம் ஊதினார்கள்.
பத்துக் கிலோ மாவு மூட்டையை உள்ளே வைத்து
அதற்கும் ஒரு சீட்டு வாங்கினேன்.
சீட்டுக் கொடுப்பவன் கண்ணாடிக்குப் பின்னிருந்து முறைத்தான்.
"மூட்டைக்குத் துணை வேண்டாமா?" என்று
நோல்ஃபாவும் ஏறிக்கொண்டாள்.

நான் படிப்பக்கம் திரும்பினேன்.
நாற்பதுக்கு மேல் கணக்கு தவறிவிட்டது.
கடற்காற்று பின்னால் வந்து
முதுகில் ஒட்டிய சட்டையை மெல்ல உரித்தது.
மேலேயிருந்து கத்துகிறாள்:
"மாவு நனைகிறதடி, சீக்கிரம் வா!"

தூறல் விழுகிறது என்பதே
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.