நீர்நாய் கடக்கும் இடம்

ஜெல் குளிரும், என்றேன்.
குளிராதது எதுவும் இந்தத் தீவில் உண்டா, என்றார் எர்லண்ட் டிரெவர்.
கட்டிலில் ஏறவே பத்து நிமிடம் ஆயிற்று.
இடது காலை,
யாருடைய கன்றையோ தூக்குகிற மாதிரி,
இரண்டு கையாலும் தூக்கி மேலே வைத்தார்.

மணி மூன்றேகால்.
டிசம்பர் வெயில் கடையைக் கட்டிவிட்டது.
அபர்டீன் கப்பலும் இன்று இல்லை, காற்று.

முதலில் வலப்பக்கம்.
தமனியைத் தேட வேண்டாம், அதுவே துள்ளிக் காட்டிக்கொடுக்கும்.
அதன் அருகில் சிரை.
அது துள்ளாது.
மழை விட்டபின் கூரைக் குழாய் போல
ஒரே இரைச்சல்.
தலையில் வேலை முடித்த இரத்தம்
இறங்கி வரும் வழி.

படுத்திருந்தால்தான் இந்த வழி திறந்திருக்கும்.
எழுந்து நின்றால்
காலிப் பை போல ஒட்டிக்கொள்ளும்;
அப்போது முதுகெலும்பைச் சுற்றியுள்ள சந்துபொந்துகளில்
இரத்தம் இறங்கும்.
பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன்.
இன்னமும், வரிசையில் சும்மா நிற்பவர்களைக் கண்டால்
எனக்குக் கொஞ்சம் மரியாதை வருகிறது.

இடப்பக்கம்.
இரைச்சல் மெலிந்து
சீட்டியாயிற்று.
திரையில், தாடைக்கு மூன்று விரல் கீழே,
யாரோ நூலால் கட்டிவிட்டதுபோல் ஓர் ஒடுக்கம்.

நாற்காலியில் இருந்த மெர்ரன் அதைக் கேட்டுவிட்டாள்.
மடியில் ரப்பர் பேண்ட் போட்ட கோப்பு.
அங்கேதானே? அங்கேதானே?
பலூன் விட்டு விரிக்கிறார்களாம், தெற்கே,
பணம் சேர்த்து வைத்திருக்கிறோம்.

பிறகு, கேட்காமலே சொன்னாள்:
பத்தொன்பது வருடம் முன்பு
பர்ரே தரைப்பாலம் முடிகிற இடம்.
நீர்நாய் கடக்கும் என்று பலகை வைத்திருப்பார்களே, அங்கே.
பலகை பொய் சொல்லவில்லை, கடந்தது.
பிரேக்கை மிதித்தேன்.
பின்னால் பால் லாரி.
இவர் கழுத்து முன்னே போய்ப் பின்னே வந்தது, சாட்டை மாதிரி.
ஒரு கீறல் இல்லை.
மூன்றாம் நாள் கூட்டு நடனத்துக்குக்கூடப் போனோம்.
நீர்நாய் திரும்பியும் பார்க்கவில்லை.

சிரித்தாள்.
காப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

கதவு சாத்தும்வரை அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கழுத்து இல்லை என்று எழுது.

என்னால் அப்படி...

கழுத்துதான் என்றால் வண்டி ஓட்டியது அவள்.
இருட்டு என்று எழுது, ரத்தத்தில் வந்தது என்று எழுது,
இந்தத் தீவில்தான் வீட்டுக்கு வீடு உண்டே.
எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.
அவர்களை எந்த லாரி இடித்தது?

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்.
இதே ஒடுக்கத்தை
காலையில் பத்து மைல் ஓடும் பள்ளி ஆசிரியர் கழுத்தில் பார்த்திருக்கிறேன்.
கழுத்தில் அடியே படாத பெண்
கரண்டி பிடிக்க முடியாமல் இதே கட்டிலில் அழுதிருக்கிறாள்.
நரம்பின் மேலுறை ஏன் உரிகிறது,
தேங்கிய இரத்தமா, பழைய அடியா, வேறெதுவோவா,
பெரிய ஊர்களில் பெரியவர்கள் இன்னும்
அடித்துக்கொள்கிறார்கள்.
நான் அளப்பவள்.
மில்லிமீட்டர் தெரியும்.

எழுதினேன்:
இடது கழுத்துச் சிரையில் ஒடுக்கம்.
இதன் பொருள் தெளிவில்லை.

அவர் வாசித்தார். கோழை, என்றார்.
உண்மையாகவும் இருக்கலாம்.

மெர்ரன் மூன்று காப்பியோடு வந்தாள்.
நான் துணியை எடுக்குமுன் அவளே எடுத்தாள்.
ஜெல்லைத் துடைத்தாள், இடப்பக்கம்,
பிறகு ஏற்கெனவே துடைத்திருந்த வலப்பக்கம்,
பிறகு மறுபடியும் இடம்.
காப்பி ஆறியது.
என்ன எழுதினாய் என்று
என்னைக் கேட்கவேயில்லை.

போதும் மெர்ரன், என்றார் அவர்,
சொல்லிக்கொண்டே
கழுத்தை நீட்டினார்.