ஒரு சதவீதம்

ஈரோடு மணிக்கூண்டுக்குப் பின்சந்தில்
மாடிப்படி ஏறினால் அந்தக் கடை.
ஐந்து விளக்குகளைக் கண்ணாடிமேல் பரப்பினான் நவநீதன்.
எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குபவை, கேமராவின் தலையில் செருகுபவை.
ஒன்று சீட்டுக்கட்டு போல,
ஒன்று பாதி தேய்ந்த சோப்புப் போல,
ஒன்றின் வயிற்றில் குட்டி விசிறி.

"எவ்வளவு வெளிச்சம் வேணுமுங்க்கா?"

எல்லாரும் கேட்பது இதுதான்.
பெட்டிகளின்மேல் கொட்டை எழுத்தில் இருப்பதும் இதுதான்.

ட்யூப்லைட்டை அணைக்கச் சொன்னேன்.
ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னேன்.
சித்த யோசித்து இறக்கினான்.
பையிலிருந்து விரலி மஞ்சள் ஒன்றை எடுத்துக்
கல்லாப்பெட்டிமேல் வைத்தேன்.
"ஏனுங்க்கா, கடைக்குச் செய்வினை வெக்கறீங்களா?"

முதல் விளக்கில் மஞ்சள் பச்சை அடித்தது,
காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி.
இரண்டாவதில் ஆரஞ்சு. மிட்டாய்க்கடைக்கு ஆகும்.
மூன்றாவது அதைச் சுண்ணாம்புக்கட்டி ஆக்கியது.
நான்காவதும் ஐந்தாவதும்
மஞ்சளை மஞ்சளாகவே விட்டன.
எனக்கு அந்த நிறம் தெரியும்.
பதினோரு வருடமாக, விடிகாலை மூன்று மணிக்கும் நாலு மணிக்கும்,
ஈரம் காயாத தாலிக்கயிற்றில்
அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்காவதில் விசிறி இரைந்தது.
அருமைக்காரர் வாழ்த்துச் சொல்லும்போது
கூடவே ஒரு வண்டும் வாழ்த்தும்.
வேண்டாம்.
எடையும் ஆகாது:
காலையில் நானூறு கிராம்
கடைசிப் பந்தியில் நாலு கிலோ.

ஐந்தாவதைக் கையில் எடுத்துச் சொன்னேன்:
"கொறைச்சுக்கிட்டே போங்க.
எது வரைக்கும் எறங்குதுன்னு பாக்கோணும்."
"எல்லாரும் ஏத்தித்தானுங்க்கா பாப்பாங்க."

காரணத்தை அவனிடம் சொல்லவில்லை.

போன தை. மூலனூர்ப் பக்கம் ஒரு மண்டபம்.
இணைச்சீர்.
மாப்பிள்ளையின் அக்கா மைலாவதி
பேழையோடு வந்து தம்பி பக்கத்தில் நின்றாள்.
இரவல் பட்டு; ரவிக்கை தோளில் தளர்ந்திருந்தது.
மல்லிகைச் சரத்தை முன்னால் இழுத்துவிட்டுக்
காது இரண்டையும் மூடியிருந்தாள்.
அது அலங்காரம் என்று நினைத்தேன்.
விளக்கை முழுசாகத் திறந்துகொண்டு
பக்கவாட்டில் நெருங்கினேன். நூறு சதவீதம்.
என் வெளிச்சம் பூவுக்குள் நுழைந்து
தோடு இருக்கவேண்டிய துளையில்
ஓர் ஈர்க்குச்சியைக் கண்டது.

எனக்கு முன்னால் மண்டபம் கண்டது.
மேடைக்கு இடப்புறம் பெரிய திரை.
ஆறடி உயரத்தில் ஒரு காது,
அதில் விளக்குமாற்றிலிருந்து ஒடித்த குச்சி.
முறுக்குத் தட்டோடு போன பையன்கூட நின்றுவிட்டான்.
நான் கேமராவைத் திருப்ப
நாலு விநாடி ஆனது.
எடிட்டிங்கில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். நாலுதான்.

சீர் முடிந்ததும் அவளே என் பக்கம் வந்தாள்.
திட்டுவாள் என்று நின்றேன்.
"அந்த லைட்டுக்கு மூடி கீடி இல்லீங்களா?"
அவ்வளவுதான் கேட்டாள்.
பிறகு பந்தி கவனிக்கப் போய்விட்டாள்,
பூவை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு.

இங்கே, கடையில்,
இருபது. பத்து. ஐந்து.
மலிவு விளக்குகள் பத்துக்குக் கீழே
இறங்கத் தெரியாமல் துடிதுடித்துச் செத்துவிடும்.
இது மூன்றுக்கு வந்தது, துடிப்பில்லை.
ஒன்றில் நின்றது.

இருட்டில் மஞ்சளின் ஒரு பக்கம் மட்டும்.
அதைத் தாண்டி நவநீதனின் விரல்கள்,
கடித்துக் கடித்துச் சிறுத்த நகங்கள்.
வெளிச்சம் எட்டியது என்று தெரிந்ததும்
கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான்.
தூரம் போதுமாக இருந்தது, இழுத்துக்கொள்ள.

விலையில் முந்நூறு குறைத்தான்.
பால்நிற மூடி ஒன்றைக் கேளாமலே பைக்குள் போட்டான்.

படி பாதி இறங்கியிருப்பேன்.
"அக்கா, மஞ்சளை உட்டுட்டுப் போறீங்கொ!"
இருக்கட்டும் என்றேன்.
அடுத்து வருபவர் கேட்க மாட்டார்.
நீயாவது வைத்துப் பார்.