சந்தாக்காசு

மாதம் ஐந்தாம் திகதிக்குள்
திருக்கடலூரில் எண்பத்திரண்டு வீடு ஏறி இறங்குவேன்.
கேபிள்காரனென்றால் நாய்களும் குரைக்காது.
படலை திறக்குமுன்னே தெரியும்
எந்த வீட்டில் எந்தச் சனல் ஓடுகிறதென்று.
இங்கே மருமகளின் கன்னத்தில் விழுந்த அறை
மூன்று வீடு தள்ளியும் விழும்,
அரை விநாடி பிந்தி.

புருஷனை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்ட ரஞ்சிதமலர்
இப்போது "என்னங்க" என்கிறாள்.
சென்னையை அவள் கண்டதில்லை.
ஒழுங்கை முடக்கை
அவளுடைய சின்னவன் "சிக்னல்" என்கிறான்.
அங்கே நிற்பது
பொலித்தீன் சப்பும் இரண்டு மான்கள்.

கனகசூரியம் அண்ணன்
வானிலை அறிக்கையைக் கடைசி வரை பார்ப்பார்.
பிறகு பெட்டியை அணைத்துவிட்டுக் கரைக்குப் போய்
மூக்கை உயர்த்திக் காற்றைப் பார்ப்பார்.
இரண்டும் ஒத்துப்போன நாளில்
அவருக்குச் சந்தேகம்,
கடலுக்குப் போகமாட்டார்.

போன மாதம் ஒரு செத்தவீடு.
வீட்டில் இரண்டு பெட்டி.
ஒன்றைத் துணியால் மூடியிருந்தார்கள்.
எட்டு மணிக்குப் பந்தலில் சனம் குறைந்தது.
ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.
எட்டரைக்குத் திரும்பி வந்து
விட்ட இடத்திலிருந்து அழுதார்கள்.
நானும் போய் வந்தவன்தான்.

கடைசி வீடு தவநிதி அக்காவுடையது.
ஒரு மாதமும் நிலுவை வைத்ததில்லை.
எப்போதும் செய்திச் சனல், சத்தம் பூச்சியத்தில்.
"முகம் தெரிஞ்சால் காணும் தம்பி."

கச்சேரி வாசலில் படத்தோடு இருந்த பெண்களில்
அவவும் இருந்தவ.
கமெரா ஒருதரம் தடவிப் போனது.
இரவுச் செய்தியில் மூன்று விநாடி:
அவவின் கை,
கையில் மகன்,
மகனுக்கு அரும்பு மீசை.
உடனே சீமெந்து விளம்பரம்.

"அதைத் திரும்பப் போடுவாங்களோ?"
முதல் மாதம் உண்மை சொன்னேன்,
அது எங்கட கையில் இல்லை அக்கா.
அடுத்த மாதம், பார்ப்பம்.
இப்போதெல்லாம், வரும்.

பார்க்க ஆசையாக்கும் என்று நினைத்திருந்தேன்.
இன்றைக்குத்தான் சொன்னா:
"எனக்கில்லை தம்பி.
அவன் இருக்கிற இடத்தில
அண்டைக்குக் கரண்ட் இருந்துதோ என்னவோ.
உங்கட லைன் அங்காலயும் போகுதோ?"

எண்பத்திரண்டு வீட்டு வயரும்
எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று
கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவேன்.
பேனையைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினேன்.

பற்றுச்சீட்டு எப்போதும் மகனின் பெயரில்தான்.
கோகுலரூபன் என்று எழுதி,
தொகையை எழுதி,
மிச்சம் ஐம்பது ரூபாவை நீட்டினேன்.
அடுத்த மாதத்துக்கு வைத்திரு என்றா,
திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.